பழுதும் பாடமும்

வீட்டுக் கதவு கிறீச்சிட்டால் அதன் கீலுக்குச் சிறிது எண்ணெய் இடுகிறோம். கிணற்றுக் கயிறு நைந்துவிட்டால் வேறு கயிறு மாற்றுகிறோம். மிதிவண்டியின் சங்கிலி கழன்றால் வழியிலேயே குனிந்து மாட்டிக்கொள்கிறோம். இவற்றுக்கெல்லாம் நாம் பிறர் துணையை நாடுவதில்லை. ஆயின், கணினி என்னும் பொறி ஒருநாள் இயங்காது நின்றுவிட்டால், கைகட்டி வாய்பொத்தி அதன்முன் நிற்கிறோம். அஃது ஏதோ மந்திரப் பெட்டி என்றும், அதனைத் திறத்தல் நமக்குத் தகாது என்றும் எண்ணுகிறோம். அறுபது ஆண்டைக் கடந்த யானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் பிழை என்பதை எனக்கு உணர்த்தியவள், அப்போது பதினொன்றாம் வகுப்பில் பயின்றுகொண்டிருந்த என் பெயர்த்தி. அப்பிழைக்கு யான் கொடுத்த விலையையும், பின்பு பெற்ற பயனையும் ஈண்டுக் கூறுவேன்.

யான் ஒரு தமிழாசிரியன். இளமையில் முதுபுலவர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து இலக்கண இலக்கியங்களைப் பாடம் கேட்டேன். பின்னர்ப் பள்ளிகளில் 33 ஆண்டுகள் பாடம் சொன்னேன். யான் பணிபுரிந்த ஊர்கள் யாவும் காவிரி பாயும் ஊர்கள். விடுமுறை நாள்களில் களத்துமேட்டிலும் உலைக்கூடத்திலும் தறியின் பக்கத்திலும் அமர்ந்து, தொழில் செய்வோர் வழங்கும் சொற்களைக் கேட்டு எழுதுவது என் வழக்கம். நடவுக்கு முன் வயலில் நீர் தேக்கி உழுது சேறாக்குவதைச் சேடை என்பர் உழவர். முற்றாது நின்ற அரைமணி நெல்லைக் கருக்காய் என்பர். களத்தில் அளந்து கண்ட விளைச்சலைக் கண்டுமுதல் என்பர். இத்தகைய சொற்களால் என் குறிப்பேடுகள் 22 நிரம்பின.

2009ஆம் ஆண்டில் கணினி ஒன்று வாங்கினேன். நாள்தோறும் மாலையில் இரண்டு மணி நேரம் அமர்ந்து, குறிப்பேடுகளில் உள்ளவற்றை அதில் ஏற்றினேன். நான்கு ஆண்டுகளில் அப்பணி முடிந்தது. பின்பு ஒரு தைத்திங்களில் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, 'இனி இவை எதற்கு?' என்று அக்குறிப்பேடுகளைப் பழைய தாள் வாங்குபவரிடம் எடைக்குக் கொடுத்துவிட்டேன். ஓலைச்சுவடிகளை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்டவர்களைப் பற்றி வகுப்பில் எத்தனையோ முறை வருந்திப் பேசியவன் யான். அவர்கள் செய்த செயலையே யானும் செய்தேன் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

2023ஆம் ஆண்டு ஐப்பசித் திங்களில் அடைமழை பெய்துகொண்டிருந்தது. ஒருநாள் மாலை வழக்கம்போல் கணினியின் பொத்தானை அழுத்தினேன். உள்ளே விசிறி சுழன்றது, விளக்கு எரிந்தது, ஆயின், திரை இருண்டே கிடந்தது. பெட்டியினுள்ளிருந்து நீண்ட ஓசையொன்று விட்டுவிட்டு எழுந்தது. பழுது பார்க்கும் கடை ஒன்றுக்கு அதனைச் சுமந்து சென்றேன். கடைக்காரர் அதன் மேற்புறத்தை ஒருமுறை நோக்கினார். "ஐயா, இது மிகவும் பழையது. புதிது ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்," என்றார். யான் வேண்டியது பொறியை அன்று. அதனுள் இருந்த சொற்களை. அதனை அவருக்கு விளக்கிச் சொல்லும் திறன் எனக்கு இல்லை. மழையில் நனையாதபடி பெட்டியைப் போர்த்தி எடுத்துக்கொண்டு வீடு திரும்பினேன்.

தீபாவளி விடுமுறைக்கு என் பெயர்த்தி வந்தாள். அவள் ராஸ்பெரி பை என்னும் சிறு கணினியைக் கொண்டு பல கருவிகள் செய்து பழகியவள். உள்ளங்கையில் அடங்கும் அப்பலகையை இங்கிலாந்து நாட்டுக் கேம்பிரிட்சு நகரத்து அறக்கட்டளை ஒன்று 2012ஆம் ஆண்டு பிப்பிரவரி 29ஆம் நாள் முதன்முதலாக விற்பனைக்கு வெளியிட்டது. மாணவர் தம் கையால் கணினியை ஆண்டு கற்கவேண்டும் என்பதே அதன் நோக்கம். எங்கள் துளசிமாடத்து மண் உலர்ந்தால் விளக்கெரியச் செய்யும் கருவியொன்றை அப்பலகையைக் கொண்டு அவள் முன்னரே அமைத்திருந்தாள்.

என் முகவாட்டத்தைக் கண்டு, நிகழ்ந்ததைக் கேட்டறிந்தாள்.

"தாத்தா, கடைக்காரர் பெட்டியைத் திறந்து பார்த்தாரா?"

"இல்லை, அம்மா."

"நீங்கள் திறந்து பார்த்தீர்களா?"

"நானா? நான் தமிழ் படித்தவன். எனக்கு இதில் என்ன தெரியும்?"

"ஒரு செய்யுளுக்குப் பொருள் விளங்காவிட்டால் என்ன செய்வீர்கள்?"

"சந்தி பிரிப்பேன். ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பொருள் காண்பேன். எந்தச் சொல்லில் இடர்ப்பாடு என்று தெரிந்தபின், மீண்டும் கூட்டிப் பார்ப்பேன்."

"அதையே இதற்கும் செய்வோம், வாருங்கள்," என்றாள்.

அவள் முதலில் திருப்புளியைக் கையில் எடுக்கவில்லை. மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். பின்னர்க் கணினியின் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தாள். தாய்ப்பலகையில் எஞ்சி நிற்கும் மின்னாற்றல் அவ்வாறு வடிந்துவிடும். பெட்டியின் மூலையில் மின்வழங்கி என்னும் தனிக்கூடு ஒன்று உண்டு. வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டு மின்சாரத்தை வாங்கி, 12, 5, 3.3 வோல்ட்டாகக் குறைத்துப் பிற உறுப்புகளுக்கு வழங்குவது அதுவே. "தாத்தா, இந்தக் கூட்டை மட்டும் நாம் திறக்கவே கூடாது. கம்பியைப் பிடுங்கிய பின்னும் இதனுள் உயிருக்கு ஊறு செய்யும் அளவு மின்னாற்றல் தங்கியிருக்கும்," என்றாள். எதனைச் செய்யலாம் என்பதை அறிதல் அறிவின் ஒரு பாதி. எதனைச் செய்யலாகாது என்பதை அறிதல் மறுபாதி.

நம் உடலில் நம்மை அறியாமலே நிலைமின்சாரம் தேங்கும். அது கையின் வழியே பாய்ந்தால் நுண்ணிய சில்லுகள் கெடும். ஆதலின், பெட்டியின் வண்ணம் பூசாத இரும்புப் பகுதியைத் தொட்ட பின்னரே நாங்கள் உள்ளே கைவைத்தோம். திறந்தவுடன் எதனையும் கழற்றவில்லை. எந்தக் கம்பி எங்கே பொருந்தியிருக்கிறது என்பதை அவள் கைப்பேசியில் படம் பிடித்தாள். யான் தாளில் வரைந்துகொண்டேன். கழற்றிய திருகாணிகளை எங்கே வைப்பது என்று அவள் தேடியபோது, என் மனைவி பரணிலிருந்த பல்லாங்குழியை எடுத்து வந்தாள். அதன் 14 குழிகளில், எந்த இடத்துத் திருகாணி எந்தக் குழியில் என்று வரிசையாக இட்டு வைத்தோம். நெடுங்காலம் வேலையற்றுக் கிடந்த பல்லாங்குழிக்கும் அன்று ஒரு பயன் வாய்த்தது.

பெட்டியினுள் 14 ஆண்டுத் தூசி பஞ்சுபோல் படிந்திருந்தது. மெல்லிய தூரிகையால் அதனை நீக்கினோம். காற்றடித்துத் தூசி போக்கும்போது விசிறியின் இதழைச் சுழலவிடாமல் விரலால் பிடித்துக்கொள்ளுதல் வேண்டும். இன்றேல் அளவிறந்த விரைவில் சுழன்று அதன் அச்சு கெடும். கணினியின் மூளையாகிய சில்லின்மேல் வெப்பத்தைக் கடத்தும் பசை ஒன்று பூசப்பட்டிருக்கும். எங்கள் கணினியில் அது சுண்ணாம்புபோல் உலர்ந்து வெடித்திருந்தது. அதனைத் துடைத்தெடுத்து, ஒரு பட்டாணி அளவு புதுப்பசை இட்டோம். மிகுதியாக இட்டால் நலம் மிகும் என்று எண்ணுதல் கூடாது. கறிக்கு உப்புப்போல் அதற்கும் ஓர் அளவு உண்டு.

இனிப் பழுதைத் தேடும் முறையைக் கேளுங்கள். நீண்ட ஓசை விட்டுவிட்டு எழுந்தது அன்றோ? அது கணினி தன் நோயைத் தானே உரைக்கும் மொழி. எங்கள் கணினியின் கையேட்டில் அவ்வோசைக்கு நினைவகத்தில் குறை என்று பொருள் எழுதியிருந்தது. கடைத்தெருவில் ராம் என்று வழங்குவது இந்நினைவகமே. எங்கள் கணினியில் அது சீப்புப்போன்ற இரு பட்டைகளாக இருந்தது. அவற்றின் விளிம்பில் பொன்முலாம் பூசிய பற்கள் வரிசையாக இருந்தன. மழைக்கால ஈரமும் தூசியும் சேர்ந்து அப்பற்களின்மேல் மங்கிய படலமொன்றைப் படியச் செய்திருந்தன.

என் பெயர்த்தி தன் எழுதுகோல் பெட்டியிலிருந்து அழிப்பான் ஒன்றை எடுத்தாள். அதனால் அப்பற்களை மெல்லத் தேய்த்தாள். பொன்முலாம் மிகமிக மெல்லியது. ஆதலின், அழுத்தித் தேய்த்தலும் பலமுறை தேய்த்தலும் ஆகா. உதிர்ந்த துகளைத் தூரிகையால் அகற்றினாள். பின்னர் ஒரு பட்டையை மட்டும் அதன் பள்ளத்தில் வைத்து, இருபுறத்துப் பிடிகளும் 'டக்' என்று பொருந்தும்வரை அழுத்தினாள்.

"இரண்டையும் ஒருங்கே வைத்தால் என்ன?" என்று கேட்டேன்.

"இரண்டையும் வைத்து இயங்காவிட்டால், குறை எதில் என்று எப்படி அறிவது? ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், தாத்தா. மாற்றியதையும் விளைந்ததையும் எழுதிக்கொள்ளவும் வேண்டும்."

பட்டைகள் இரண்டு, பள்ளங்கள் இரண்டு, ஆகவே சோதனைகள் நான்கு. யான் தாளில் கட்டமிட்டுக் குறித்துக்கொண்டேன். முதற்சோதனையிலேயே ஓசை நின்றது, திரை ஒளிர்ந்தது. எஞ்சிய மூன்றும் குறைவின்றி முடிந்தன. திரையில் தோன்றிய கடிகாரம் மட்டும் 2009ஆம் ஆண்டைக் காட்டிற்று. தாய்ப்பலகையில் நாணயம்போன்ற மின்கலம் ஒன்று உண்டு. கணினி உறங்கும்போதும் காலத்தை எண்ணிக்கொண்டிருப்பது அதன் துணையால்தான். அது 3 வோல்ட்டு தரவேண்டியது. எங்களுடையது அளவுமானியில் 2 வோல்ட்டே காட்டிற்று. 2032 என்னும் எண் பொறித்த அவ்வகை மின்கலம் கைக்கடிகாரக் கடைகளிலும் கிடைக்கும். அதனை மாற்றியதும் கணினி காலத்தை மறவாதாயிற்று.

என் மகிழ்ச்சிக்கு எல்லை இல்லை. பழையது என்று தள்ளப்பட்ட பொறியை ஓர் அழிப்பானும் ஒரு மின்கலமும் எழுப்பிவிட்டன! ஊருக்குப் புறப்படும்போது என் பெயர்த்தி, "தாத்தா, முதல் வேலையாக உங்கள் கோப்புகளை எல்லாம் வேறோரிடத்தில் படியெடுத்து வையுங்கள். இயங்குகிற பொறி எப்போதும் இயங்கும் என்று நம்பக்கூடாது," என்றாள். 'நாளை செய்வேன்' என்றேன். மறுநாள் விருந்தினர் வந்தனர். அதற்கு மறுநாள் உடல் சோர்வு. இவ்வாறே ஆறு நாள்கள் கழிந்தன. 'நன்றே செய், அதனை இன்றே செய்' என்று மாணவர்க்கு ஓதிய நாவுடையவன் யான். ஏழாம் நாள் கணினியினுள் 'டிக், டிக்' என்ற ஓசை இடையிடையே கேட்டது. கோப்புகள் சில திறக்க மறுத்தன.

தொலைபேசியில் அவளை அழைத்தேன். "உடனே நிறுத்திவிடுங்கள். மறுமுறை இயக்கிப் பார்க்கவே வேண்டாம்," என்றாள். அவள் அஞ்சியதற்குக் காரணம் உண்டு. ஹார்டு டிஸ்க் என்று வழங்கும் நிலைவட்டினுள் கண்ணாடிபோன்ற தட்டுகள் சுழல்கின்றன. அவற்றின்மேல் படிப்பான் முனை ஒன்று தட்டைத் தொடாமல் மிதந்தவாறு எழுத்துகளைப் படிக்கிறது. முனைக்கும் தட்டுக்கும் இடையேயுள்ள வெளி தலைமயிரின் பருமனினும் பன்மடங்கு குறுகியது. ஒரு தூசி புகுந்தாலும் தட்டில் கீறல் விழும். ஆதலின், நிலைவட்டின் மூடியை வீட்டில் திறத்தல் ஒருகாலும் ஆகாது. ஓசை ஓயாது கேட்குமாயின், அதனை இயக்காமல் தொழில் வல்லாரிடம் ஒப்படைப்பதே அறிவுடைமை. எங்களது ஓசை இடையிடையே மட்டும் எழுந்தமையால், ஒருமுறை முயன்று பார்க்கத் துணிந்தோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் தன் சிறு கணினியுடன் வந்தாள். பழைய நிலைவட்டைக் கழற்றி, யூ.எஸ்.பி. இணைப்பானின் வழியே தன் பலகையோடு பொருத்தினாள். மேசைக் கணினியின் மூன்றரை அங்குல நிலைவட்டுக்கு 12 வோல்ட்டும் தேவை, யூ.எஸ்.பி. வழியே வருவது 5 வோல்ட்டே. ஆகவே, தனி மின்னிணைப்பு உடைய இணைப்பானையே வாங்கி வந்திருந்தாள். புது நிலைவட்டு ஒன்றும் உடன் கொணர்ந்தாள். பின்னர் டிடிரெஸ்கியூ என்னும் நிரலை இயக்கினாள். விலையின்றி யாவரும் பெறத்தக்க நிரல் அது.

அந்நிரல் செய்யும் முறை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. சிதைந்த ஏட்டைப் படிக்கும் நல்லாசிரியனைப்போல் அது நடக்கிறது. தெளிவாகப் படிக்கத்தக்க பகுதிகளை முதலில் விரைந்து படியெடுக்கிறது. இடர்ப்பட்ட இடத்தில் முட்டிக்கொண்டு நில்லாமல், அதனைக் குறித்துவைத்துக்கொண்டு அப்பால் செல்கிறது. எளியவை எல்லாம் முடிந்த பின்னரே அரியவற்றை நாடித் திரும்புகிறது. அவ்விடங்களைச் சிறிது சிறிதாக முயல்கிறது. இடையில் நின்றுபோனாலும், குறிப்பைக் கொண்டு விட்ட இடத்திலிருந்தே தொடங்குகிறது. பழுதுற்ற வட்டு எந்த நொடியும் ஓயக்கூடும். ஆதலின், கிடைப்பதை முதலில் காப்பாற்றுதலே முறை.

பெரும்பகுதி ஒரு மாலைக்குள் வந்து சேர்ந்தது. எஞ்சிய சிறுபகுதிக்காக அந்நிரல் இரண்டு நாள்கள் உழைத்தது. யான் அதன் அருகே நோயாளியின் கட்டிலருகே இருப்பவன்போல் அமர்ந்திருந்தேன். முடிவில் படிக்க இயலாமற்போனது, முழுமையில் பத்தாயிரத்தில் ஒரு பங்கும் இல்லை என்று திரை காட்டிற்று. பெயர்த்தி கைகொட்டி மகிழ்ந்தாள். யான் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். உழவர் சொற்கள் இருந்தன. தச்சர் சொற்கள் இருந்தன. நெசவாளர் சொற்களும் கொல்லர் சொற்களும் இருந்தன. குயவர் சொற்கள் இல்லை. இழந்த அச்சிறு பங்கு அந்த ஒரு கோப்பின்மேல் விழுந்திருந்தது.

அச்சொற்களை எனக்குச் சொன்னவர் எண்பது வயதுடைய மூதாட்டி ஒருவர். மண் பிசையும் பதத்துக்கு ஒரு சொல், சக்கரத்தில் மண் ஏறும் நிலைக்கு ஒரு சொல், சூளையில் புகை நிறம் மாறும் வேளைக்கு ஒரு சொல் என்று பத்து ஞாயிற்றுக்கிழமைகள் எனக்குச் சொன்னார். "என் பேச்சையும் எழுதிக்கிறீங்களே, வாத்தியாரய்யா!" என்று சிரிப்பார். அவர் 2015ஆம் ஆண்டில் காலமானார். அவர் சொன்ன சொற்களுள் நூற்றுக்கு மேற்பட்டவை என் கைப்பட எழுதிய ஏட்டில் இருந்தன. அவ்வேட்டை எடைக்குக் கொடுத்தவன் யான். அவை கணினியில் இருந்தன. அதனைப் படியெடுக்காமல் ஆறு நாள்கள் காலம் கடத்தியவனும் யானே. கடைக்காரரைக் குறைகூறி என்ன பயன்? அன்றிரவு எனக்கு உணவு இறங்கவில்லை.

மறுநாள் வேறோர் இடையூறு தோன்றியது. மீட்ட கோப்புகளை என் பெயர்த்தி தன் கணினியில் திறந்தபோது, தமிழுக்கு மாறாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளும் நிறைந்திருந்தன. யான் தட்டச்சுச் செய்தது பழைய எழுத்துரு ஒன்றில். அத்தகைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களின்மேல் தமிழ் வடிவங்களை ஏற்றிக் காட்டின. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் வேடம் கலைந்துவிடும். ஒருங்குறி என்னும் உலகப் பொதுமுறையிலோ தமிழெழுத்துகளுக்கென்றே தனி எண்கள் உண்டு. அகரத்துக்கு 2949, ககரத்துக்கு 2965 என்பன அவ்வெண்கள். 1991ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. 2010ஆம் ஆண்டில் தமிழக அரசும் அதனை ஏற்றுக்கொண்டது. யான்தான் பழைய பழக்கத்தை விடாதிருந்தேன்.

அவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் நிரலைப் பைத்தான் என்னும் கணினி மொழியில் அவள் எழுதினாள். அதற்கு வேண்டிய அட்டவணையை எழுதியவன் யான். இங்கேதான் என் தமிழ் பயன்பட்டது. 'கொ' என்னும் எழுத்தைக் காணுங்கள். பழைய எழுத்துருவில் முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால் என மூன்று துண்டுகளாக அது கிடக்கும். ஒருங்குறியிலோ முதலில் ககரம், பின்பு ஒகரக்குறி என்பதே முறை. கண்ணுக்குத் தோன்றும் வரிசை அன்று, ஒலிக்கும் வரிசையே அங்குக் கொள்ளப்படும். மெய் முன்னும் உயிர் பின்னுமாய் வரும் என்னும் நம் இலக்கண நெறி அப்பொறியினுள் இருப்பதைக் கண்டு வியந்தேன். 'கொம்பும் காலும் சேர்ந்து வருவதை முதலில் மாற்றுக. தனிக்கொம்பைப் பின்னர் மாற்றுக' என்று வரிசை வகுத்துக் கொடுத்தேன். இன்றேல் 'கொ' எல்லாம் 'கெ' ஆகிக் கால் தனித்து நிற்கும். மூன்று முறை பிழைபட்டது. நான்காம் முறை 'கண்டுமுதல்' என்ற சொல் திரையில் பிழையின்றித் தோன்றியது.

பழைய கணினியை நாங்கள் எறியவில்லை. அதில் இருந்த விண்டோஸ் எக்ஸ்பி என்னும் இயங்குதளத்துக்குரிய பாதுகாப்பு உதவியை அதன் நிறுவனம் 2014ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களோடு நிறுத்திவிட்டது. ஆதலின், பழைய பொறிக்கு ஏற்ற லினக்ஸ் வகையொன்றை அதில் நிறுவினோம். லினக்ஸின் கருவை 1991ஆம் ஆண்டில் தொடங்கியவர் பின்லாந்து நாட்டில் கல்லூரி மாணவராக இருந்த லினசு தோர்வால்டுசு. அப்போது அவருக்கு வயது 21. சுழலும் தட்டு இல்லாத திண்மநிலை வட்டு ஒன்றும் பொருத்தினோம். முன்னர்ப் பலநிமிடம் எடுத்துக்கொண்டு எழுந்த பொறி, இப்போது ஒரு நிமிடத்துக்குள் எழுகின்றது.

படியெடுக்கும் கடமையை இனி என் சோம்பலிடம் ஒப்படைப்பதில்லை என்று உறுதிகொண்டோம். என் பெயர்த்தி தன் சிறு பலகையையே எனக்குக் கொடுத்தாள். அது வீட்டின் மூலையில் இருந்துகொண்டு, இரவு 11 மணிக்கு அன்று மாறிய கோப்புகளை மட்டும் தானே படியெடுக்கின்றது. பழைய படியின்மேல் புதியதை எழுதாமல், நாளிட்டுத் தனித்தனியே வைக்கின்றது. யான் தவறுதலாக ஒன்றை அழித்துவிட்டாலும் நேற்றைய படி இருக்கும். படிகள் மூன்று வேண்டும்; அவை இருவகைப் பொருள்களில் இருத்தல் வேண்டும்; அவற்றுள் ஒன்று வேற்றிடத்தில் இருத்தல் வேண்டும் என்பது கணினி வல்லார் கூறும் நெறி. ஒரு படி என் மகள் வாழும் ஊரில் இருக்கிறது. தாளில் அச்சிட்ட படி ஒன்றும் என் பேழையில் இருக்கிறது. மாதம் ஒருமுறை ஒவ்வொன்றையும் திறந்து பார்க்கிறேன். திறந்து பாராத படி இருந்தும் இல்லாததே ஆகும்.

இது புதிய நெறியும் அன்று. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, பல ஊர்களிலிருந்து பல சுவடிகளைத் திரட்டி ஒப்புநோக்கினார். ஓரேட்டில் செல்லரித்த அடி வேறோர் ஏட்டில் நிலைத்திருந்தது. படிகள் பலவாய்ப் பல இல்லங்களில் இருந்தமையால் நூல் பிழைத்தது. இதனை வகுப்பில் ஆண்டுதோறும் சொன்ன யான், என் வீட்டில் செய்யாது போனேன்.

தைப் பொங்கலுக்குப் பின் அம்மூதாட்டியின் மகளைத் தேடிச் சென்றேன். அவருக்கும் அறுபது வயது கடந்துவிட்டது. சூளை வேலையை விட்டுப் பல ஆண்டுகள் ஆயின என்றார். யான் வந்த காரியத்தைத் தலைகுனிந்து சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு, "அம்மா சொன்னது எல்லாம் எனக்கு வராது, ஐயா. சக்கரத்தில் கையை வைத்தால் சிலது நினைவு வரலாம்," என்றார். கொட்டகையின் மூலையில் கிடந்த சக்கரத்தைத் துடைத்து அச்சுக்கு எண்ணெய் இட்டார். மண்ணைத் தொட்டதும் ஒரு சொல் வந்தது. அது வேறொரு சொல்லை அழைத்தது. நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் 61 சொற்கள் கிடைத்தன. எஞ்சியவை போயின, போனவை போனவையே. ஆயினும், வாயால் கேட்டபோது வாராத சொல் கைபட்டபோது வந்ததை யான் மறவேன்.

மாணவச் செல்வங்களே! அறிவில் ஒரு கூறு கையிலும் தங்குகிறது. நும் வீட்டில் பயனற்றுக் கிடக்கும் பழைய கணினி ஒன்று இருக்குமாயின், பெற்றோர் இசைவு பெற்று, அறிந்தார் ஒருவரைத் துணைக்கொண்டு, அதனைத் திறந்து பாருங்கள். மின்கம்பியை முதலில் பிடுங்குங்கள், மின்வழங்கியைத் திறவாதீர்கள், ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுங்கள், மாற்றியதை எழுதிக்கொள்ளுங்கள். பழுது நீங்கினும் நீங்காவிடினும் ஒரு பாடம் கிடைக்கும். அதற்குமுன் ஒன்று செய்யுங்கள்: நீவிர் இழக்க விரும்பாத எழுத்தோ படமோ எங்கேனும் ஒரே ஒரு படியாக இருக்குமாயின், அதனை இன்றே மற்றொரு படி எடுத்து வையுங்கள்.

இதனை எழுதி முடிக்கும்போது இரவு மணி 11. மூலையில் உள்ள சிறு பலகையின் விளக்கு கண்சிமிட்டத் தொடங்கிவிட்டது.